குற்றப்பத்திரிகை காப்பாற்றிய வலைப்பதிவு

போராட்டக்காரன் வேலைக்கு ஓய்வு வயது கிடையாது என்று நாற்பது வருடமாகச் சொல்லி வந்தேன். குறைந்தபட்ச வயது ஒன்று இருப்பது போன மாதம்தான் தெரிந்தது. இணையக் கணக்கைப் பறிகொடுத்துவிட்டு, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் தோழர்களே, இது உங்களுக்காக.

வயது பன்னிரண்டு

ஈப்போவை அடுத்த லகாட் பக்கம் மூடப்பட்ட ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் இன்னும் இருக்கும் குடும்பங்களுக்காக ஒரு குழு அமைத்தோம். அதன் குரலாகச் ‘செங்கதிர்’ என்ற புனைபெயரில் வலைப்பதிவு எழுதி வந்தேன். போன மாதம் அந்தத் தளம் திடீரென்று பிறந்த தேதி கேட்டது. பதிவு என் சொத்தல்ல, குழுவின் சொத்து. ஆகவே பன்னிரண்டு வருடத்துக்கு முன் குழு தொடங்கிய தேதியைக் கொடுத்தேன். அதில் எனக்குப் பெருமைகூட.

மறு நிமிடம் பதிவு காணாமல் போனது. ஈப்போவில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் நாசிர் பாயிடம் ஓடினேன். அறிவிப்பை இரண்டு தடவை படித்தார். சிரிப்பை அடக்கியதை நான் கவனிக்காமல் இல்லை.

“தலைவரே, நீங்க இன்னும் ஆறாம் வகுப்பே முடிக்கலன்னு சொல்லுது லா.”

நனைந்த கடிதம்

சிரிக்கிற விஷயமில்லை. தோட்டத்தை விற்றபோது பழைய நிர்வாகம் ஒரு கடிதம் கொடுத்திருந்தது: மாற்று வீடு கட்டித் தரும்வரை யாரையும் காலி செய்யச் சொல்ல மாட்டோம் என்று, குடும்பத் தலைவர்களின் பெயர்ப் பட்டியலோடு. இப்போது நிலத்தை வாங்கியவர்கள் வெளியேறச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறார்கள். விசாரணைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

அசல் கடிதம் குழுச் செயலாளர் சரோஜா வீட்டில் இருந்தது. வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. மிச்சமிருந்த ஒரே நகல் என் பதிவில் போட்ட படம். பழைய கைப்பேசியோடு என்னிடமிருந்த பிரதியும் போய்விட்டது. நடந்ததைச் சரோஜாவிடம் போனில் சொன்னேன். அவர் என் வார்த்தையையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார்.

“வீட்டுல வச்சா பாதுகாப்பு இல்ல, இணையத்துல போட்டா எவனும் தொட முடியாதுன்னு நீங்கதானண்ணே சொன்னீங்க?”

ஒழிக

மேல்முறையீடு செய்ய ஒரு கட்டம் இருந்தது. துண்டறிக்கை படித்து வளர்ந்தவனுக்குக் கட்டத்தைக் காட்டலாமா? உழைக்கும் மக்களின் குரல்வளையை நெரிக்கும் ஏகபோகத்தைக் கண்டித்து நான்கு பக்கம் எழுதினேன். இரண்டே நொடியில் பதில் வந்தது: அடையாள அட்டையின் படத்தை இணைக்கவும். நான்கு பக்கத்தை இரண்டு நொடியில் எவன் படிப்பான்? மறுபடி அனுப்பினேன். எழுத்து மாறாமல் அதே பதில். ஏழாவது தடவை, நாசிர் பாய் என் கையிலிருந்து கைப்பேசியை மெதுவாக வாங்கி வைத்தார்.

“அண்ணே, அந்தப் பக்கம் ஆளே இல்ல. ஆள் இல்லாத எடத்துல ஒழிகன்னு கத்துனா யாரு ஒழியிறது?”

பெயர்

அடையாள அட்டையை அனுப்பினேன். அதில் முனியாண்டி, பதிவில் செங்கதிர். பெயர் பொருந்தவில்லை, இரண்டும் ஒருவர்தான் என்பதற்கு அதிகாரபூர்வச் சான்று வேண்டும் என்றது தளம். சொந்தப் பெயரை அச்சில் ஏற்றாமலிருப்பது எங்கள் காலத்துக் கட்டுப்பாடு. எவன் சான்று தருவான்? என்னோடு சுவரொட்டி ஒட்டிய ஒருவர் இப்போது அரசாங்க விருதுப் பட்டம் வாங்கிப் பெரிய மனிதராகிவிட்டார். அவரிடம் ஒரு கடிதம் கேட்டேன். செங்கதிர் என்று யாரையும் தெரியாது என்று உதவியாளர் மூலம் சொல்லி அனுப்பினார். அதை நான் மறக்கப்போவதில்லை.

நேராகப் பத்து காஜா நகரில் எங்கள் வழக்கறிஞர் தேவகியின் அலுவலகத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்தார். குழு தொடங்கிய வருடம் மறியல் செய்ததற்காக என்மேல் போட்டு, பிறகு தள்ளுபடியான வழக்கு. குற்றப்பத்திரிகையின் முதல் வரியிலேயே இருந்தது: முனியாண்டி @ செங்கதிர், அதாவது முனியாண்டி என்கிற செங்கதிர். கீழே அடையாள அட்டை எண், பக்கத்தில் அரசாங்க முத்திரை.

“உங்க ரெண்டு பேரையும் ஒழுங்கா எழுதி வச்சிருக்கிறது உங்களப் புடிச்சு உள்ள போட்டவங்கதாண்ணே.”

பட்டியல்

குற்றப்பத்திரிகையை அனுப்பினேன். இந்தத் தடவை கோஷம் எதுவும் எழுதவில்லை. கட்டத்தில் இரண்டே வரி. ஆறாம் நாள் பதிவு திரும்பி வந்தது. நான் முதலில் செய்த வேலை, கடிதத்தை ஐந்து நகல் எடுத்தது.

விசாரணைக்கு நான்கு நாள் முன்பு தேவகியின் மேசையில் அதை வைத்தோம். சரோஜா பட்டியலில் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். பாதியில் விரல் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். துடைக்கவில்லை.

“அப்பா பேரு இருக்கு. இனி எவன் வந்து காலி பண்ணச் சொல்றான்னு பாத்துக்கலாம்.”

முதலாளியின் கடிதத்தையும் அரசாங்கத்தின் குற்றப்பத்திரிகையையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துவதுதான் புரட்சியின் அடுத்த கட்டம் என்று, நான் படித்த எந்தத் துண்டறிக்கையிலும் எவனும் எழுதி வைக்கவில்லை.