வேனில் உதிர்ந்த திராட்சை

இரண்டு வருடத்துக்கு முன்னால், தை பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. ஓடைப்பட்டியில் ரோட்டோரம் திராட்சை விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் நான் சண்டைக்குப் போனேன். நியாயம் துளிகூட என் பக்கம் இல்லாத சண்டை அது. ஆனால் அந்தச் சண்டையால்தான் என் மனைவி அவளுடைய அக்காவைப் பார்த்தாள்.

நான் கம்பத்தில் மோட்டார் பம்ப் உதிரிபாகங்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்திருந்தது. நிற்பாள், மெதுவாக நடப்பாள், படுப்பாள். உட்கார்வதுதான் ஆகாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே இடுப்பிலிருந்து கால்வரை வலி இறங்கிவிடும். அவளுடைய அக்கா நாகர்கோவிலில் இருக்கிறார். அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. வாரத்தில் பாதி நாள் அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்ததால் அவரால் ஊரைவிட்டு நகர முடியாது. இரண்டு பேரும் தினமும் வீடியோ காலில் பேசிக்கொள்வார்கள். பேசி முடித்த பிறகு என் மனைவி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் ஒரு பழைய டூரிஸ்ட் வேனை வாங்கினேன். சீட்டுகளை எல்லாம் கழற்றி, முறைப்படி அனுமதி வாங்கி, பின்கோடியில் ஒரு கட்டில், நடுவில் சின்ன அடுப்பு, தண்ணீர் டேங்க், மூலையில் ஒரு கழிப்பறை என்று குட்டி வீடாக மாற்றினோம். அந்த வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு செய்தவன் என் மச்சினன். கூடலூரில் ஜீப் ஓட்டுகிறவன். ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் மலையேறுகிறவன். அவனுக்கு இரண்டு பேருமே அக்காமார்கள். அதனால் என்னைவிட அவனுக்குத்தான் அவசரம்.

நல்ல நாள் பார்த்துக் கிளம்பினோம். தேனி தாண்டி ஆண்டிபட்டி கணவாயைக்கூட எட்டவில்லை. பின்னால் சத்தமே இல்லை, தூங்குகிறாள் என்று நினைத்து நான் ஜாலியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். டீ குடிக்க நிறுத்திக் கதவைத் திறந்தால், கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். தலையணை நனைந்திருந்தது.

"வண்டியத் திருப்புங்க" என்றாள். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, "அக்காவ இனிமே போன்லயே பாத்துக்கிறேன்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் ஏறி இறங்காத ஒர்க்ஷாப் இல்லை. வேகம் கூடினால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடியது. தேனியில் வீல் பேலன்சிங் பார்த்தார்கள். முன்சக்கரம் ஒன்றில்தான் கோளாறு. சரிசெய்ததும் ஸ்டியரிங் அடங்கிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனைவியை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் ஒரு சுற்று வந்தேன். இறங்கும்போது அவள் சொன்னாள்: "ஒங்க கையில ஆடுனது நின்னுருச்சு. எனக்குத் தூக்கிப் போடுறது நிக்கலையே."

ஷாக் அப்சார்பர் புதிதாக மாட்டினோம். ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் வண்டி பக்கா என்றார்கள். ரோட்டின்மேல் பழி போட்டார்கள். கடைசியில் ஒருவர், "ஆபரேஷன் ஆன ஒடம்பு சார், எதுல போனாலும் அப்படித்தான் இருக்கும்" என்றார். நானும் பாதி நம்பிவிட்டேன். மனைவி நாகர்கோவில் பேச்சையே விட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் வண்டியை ஓட்டிப் பார்க்கத் தனியாகக் கிளம்பி ஓடைப்பட்டிப் பக்கம் போனேன். ரோட்டோரக் கடையில் திராட்சை கொத்துக்கொத்தாக அழகாக இருந்தது. ஒரு பெட்டி வாங்கிப் பின்னால் கட்டில்மேல் வைத்தேன். சின்னமனூரில் நிறுத்தித் திறந்து பார்த்தால் பாதிப் பழம் கொத்தைவிட்டுக் கழன்று பெட்டியில் உருண்டுகொண்டிருக்கிறது. ஏற்கெனவே இருந்த எரிச்சல் எல்லாம் சேர்ந்துகொண்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், பழைய பழத்தைத் தலையில் கட்டிவிட்டீர்களே என்று சத்தம் போட்டேன்.

அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அவர்கள் தோட்டத்துப் பழம் அது. பதிலுக்குக் கத்தவில்லை. ஒரு கொத்தைத் தூக்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"காம்பப் பாருங்கண்ணே, பச்சையா இருக்கு. பழசா இருந்தா காஞ்சு கருத்திருக்கும். இது தானா உதுரல, ஒலுக்கி உதுந்தது. எங்கன வச்சிருந்தீக?"

"பின்னால, கட்டில்ல."

வேனுக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்பையும் கட்டிலையும் பார்த்துவிட்டு, "அங்கன யாரு படுப்பாக?" என்று கேட்டார். நான் மனைவியைப் பற்றிச் சொன்னேன். ஆண்டிபட்டி வரை போய்த் திரும்பியதையும் சொன்னேன்.

அவர் உதிர்ந்த பழங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுலயா ஒங்க வீட்டம்மா படுத்து வந்தாக?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை ஒர்க்ஷாப்பிலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான். வண்டியைச் சோதித்தவர்கள் எல்லோரும் முன்சீட்டில் உட்கார்ந்துதான் சோதித்தோம். முன்னால் அது கார் மாதிரிதான் போகும்.

"வண்டியப் பத்தி எனக்கு ஒண்ணுந் தெரியாது. ஆனா எங்க பழத்து மேல தப்பில்லன்னு காட்டாம ஒங்கள விட மாட்டேன்" என்று அவர் மூன்று பெட்டி புதுப் பழத்தை எடுத்துவந்தார். ஒன்றை டிரைவர் சீட்டுக்குப் பின்னால், ஒன்றை நடுவில், ஒன்றைக் கட்டில்மேல் வைத்தார். கடையைப் புருஷனிடம் விட்டுவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அதே ரோட்டில் போய்த் திரும்பினோம். முன்பெட்டியில் ஒரு பழம் உதிரவில்லை. நடுப்பெட்டியில் கொஞ்சம். கட்டில்மேல் இருந்த பெட்டியைத் திறக்கவே எனக்கு மனம் வரவில்லை.

"பழம் ஏத்துற வேன்ல பாரம் கொறைவா இருந்தா டயர்ல காத்தக் கொறைக்கச் சொல்லுவோம்ணே. இல்லாட்டி மார்க்கெட்டுக்குக் காம்புதான் போய்ச் சேரும்" என்றார். பக்கத்துப் பஞ்சர் கடையில் காற்றைப் பார்த்தோம். சீட் முழுக்க ஆள் ஏறும் வேனுக்கு அடிக்கிற அளவைவிட அதிகமாகவே இருந்தது. அளவாகக் குறைத்து, வேறு பெட்டி வைத்து மறுபடி ஓட்டினோம். உதிர்வது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அப்போதுதான் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பின்சக்கரத்துக்குமேல் அடுக்கியிருக்கும் ஸ்பிரிங் பிளேட்டுகளில் பழசுக்கு நடுவே புதுசாக மின்னிக்கொண்டிருந்தன சில பிளேட்டுகள். அங்கேயே நின்று மச்சினனுக்குப் போன் போட்டேன்.

"ஆமா மாமா, நான்தான் போட்டேன். பிளேட் போடாம யாராச்சும் வண்டியத் தெருவுல எறக்குவாகளா?" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. கூடலூரில் ஜீப் வாங்கினால் முதல் வேலையே கூடுதல் பிளேட் போடுவதுதான். ஜீப் நிறைய ஆட்களோடு மலையேற அது வேண்டும். காற்றையும் கல் மாதிரி அடித்துக்கொள்வார்கள். அக்காவுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று, தன் ஜீப்புக்குச் செய்கிற அத்தனையையும் அவன் இந்த வேனுக்கும் செய்திருக்கிறான். ஆனால் இதில் போகப்போவது நாங்கள் மூன்று பேர்தான். அந்த எடைக்கு ஸ்பிரிங் வளையவே இல்லை.

மறுநாள் வந்தவன் ஒத்துக்கொள்ளவில்லை. "மாமா, திராட்சக்காரக சொன்னாகன்னு பிளேட்டக் கழட்டச் சொல்றீகளா?" என்று முறைத்தான். நான் வாதாடவில்லை. "நீ ஓட்டு மாப்ள" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் படுத்தேன். முதல் வேகத்தடையிலேயே என் முதுகு கட்டிலைவிட்டு எழும்பி விழுந்தது. இதைத்தான் அவள் அவ்வளவு தூரம் வாயைத் திறக்காமல் தாங்கியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஒளிக்க என்ன இருக்கிறது. பிறகு அவனைப் படுக்கச் சொல்லி நான் ஓட்டினேன். இறங்கி வந்தவன் நேராக ஜாக்கியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டான்.

கூடுதல் பிளேட்டுகளைக் கழற்றினோம். நடுவில் தண்ணீர் டேங்கும் அடுப்பும் இருந்த இடத்துக்குக் கட்டிலையும், பின்னால் கட்டில் இருந்த இடத்துக்கு அவற்றையும் மாற்றினோம். வண்டியை எடை போட்டு, அதற்குத் தகுந்த காற்று அடித்தோம். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு நாங்கள் மாறி மாறிப் படுத்துப் பார்த்தோம். கடைசியாக என் மனைவி படுத்தாள். உத்தமபாளையம் போய்த் திரும்பினோம். இறங்கியவள் எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். "அக்காவுக்குப் போன் போடுங்க, வர்றோம்னு சொல்லணும்" என்றாள்.

வழியில் பலமுறை நிறுத்தி, அவளை நடக்கவிட்டு, மெதுவாகத்தான் போனோம். வலி இல்லாமல் இல்லை, ஆனால் தாங்குகிற வலி. நாகர்கோவிலில் அக்காவுக்கு மாடியில் வீடு. என் மனைவியால் படியேற முடியாது. மச்சினன் மேலே போய் அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிவந்தான். அவரும் வெகுநேரம் நிற்க முடியாதவர். வேனில் ஏறியதும் தங்கை பக்கத்தில் அப்படியே படுத்துவிட்டார்.

"ஏன்டி இப்படி எளச்சுப் போன?" என்று அக்கா கேட்டது மட்டும் எங்களுக்குக் கேட்டது. நான் கதவைச் சாத்தினேன். அந்தத் தெருவில் நானும் மச்சினனும் வெயிலில் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே ஒரே பேச்சு, நடுநடுவே சிரிப்பு. அளந்துதான் தண்ணீர் குடிக்கலாம் என்பதால் எந்நேரமும் தாகமாகவே இருக்கும் அக்கா, அன்றைக்குத் தம்பியிடம் தண்ணீர் கேட்கக்கூட மறந்துவிட்டார்.

இப்போதும் நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை போய்வருகிறோம். அக்காவின் உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. ஒருமுறை இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கன்னியாகுமரிகூடப் போய்வந்தோம். கடையில் யாராவது வந்து மோட்டார் சரியாக ஓடவில்லை என்றாலும் சரி, வீட்டில் யாராவது எனக்கு முடியவில்லை என்றாலும் சரி, முன்பெல்லாம் உடனே ஒரு காரணம் சொல்லிவிடுவேன். இப்போது முதலில் அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்து பார்க்கிறேன்.