நெல் ஏத்தினாத்தான் போகம்

கிரான் ஊர் உதயரூபனுக்குச் சோறு போட்டது ஒரு பழைய லொறிதான். அது புகை கக்கத் தொடங்கியதும் ஓட்டமாவடி மெக்கானிக் றபீக் இஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்.

"இஞ்சினைச் சுத்துற கிராங் தண்டும் தேஞ்சிருக்கு தம்பி. பிஸ்டன் ரிங்கை மட்டும் மாத்தினா ஒரு போகம் தாங்கும்."

"அதுக்கு மட்டும்தான் காசு காணும் றபீக் காக்கா. போகம் முடியக் கிராங்கைச் செய்வம்."

சிறுபோகத்துக்குத் தண்ணீர் வரவில்லை. வயல் வட்டைகள் காய்ந்து கிடந்தன. வேறு வழியின்றி அவன் ஆற்றுமண் ஏற்றினான். பெரும்போக அறுவடை வந்ததும் மனைவி அஜந்தா தடுத்தாள்.

"காக்கா சொன்ன போகம் முடிஞ்சிட்டு. கிராங்கைப் பாருங்க."

"மண் ஏத்தினது போகமா புள்ள? நெல் ஏத்தினாத்தான் போகம்."

நெல் ஏற்றி வந்தபோது வயல் வட்டை நடுவே கிராங் இரண்டாக ஒடிந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. அயலாரின் நெல் மூடைகள் லொறியிலேயே முளைத்தன.

பழைய இரும்புக்காரன் லொறியை இழுத்துப்போன அன்று அஜந்தா முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஏதாவது சொல்லட்டும் என்று அவன் வாசலிலேயே நின்றான்.