ஏழாம் நம்பருக்கு முன்னால் ஆறு தேத்தண்ணி

சிறுவர் பாதுகாப்பு உத்தியோகம் என்றால் பிள்ளைகளோடு பேசும் வேலை என்று நினைத்துத்தான் விண்ணப்பித்தேன். பெரியவர்கள் வாயைத் திறக்கும்வரை காத்திருக்கும் வேலை என்று பிறகுதான் தெரிந்தது. பட்டம் வாங்கிய கையோடு கண்டியில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். புதிய ஆளிடம் பெயர் கேட்பதற்கே எனக்கு நெற்றி வியர்க்கும். வீடு வீடாகக் கதவு தட்டிப் பிழைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபப்படுங்கள்.

ஜீப்பில் போய் இறங்கியது

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயாம்மா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி. சுகந்தி என்று வைத்துக்கொள்வோம். தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். தகப்பன் குடிக்கிறார், அடிக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு மடுவத்துக்கு வந்த பிள்ளையின் கையில் தழும்புகளைப் பார்த்திருக்கிறார் ஆயாம்மா.

மறுநாள் காலையிலேயே அலுவலக ஜீப்பில் போய்க் கோவிலடியில் இறங்கினேன். மூன்று மொழியிலும் திணைக்களத்தின் பெயர் எழுதிய ஜீப். பத்து நிமிடத்தில் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. தகப்பன் கதவைத் திறக்கவில்லை. பிள்ளை உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருப்பதாக உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த இரண்டு நாளும் சுகந்தி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. என் அவசரத்துக்கு அந்தப் பிள்ளை எத்தனை அடி வாங்கினாளோ என்று நினைத்துச் சோறு இறங்கவில்லை. ஆயாம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் குழந்தையொன்றைத் தொட்டிலில் போட்டபடியே சொன்னார்: “பேர் எழுதின வண்டியில வந்து எறங்குனா அடிக்கிறவனுக்குத்தான் மிஸ் மொதல்ல தெரியும். அடி வாங்குறவளுக்குக் கடைசியாத்தான் தெரியும்.”

பன்னிரண்டு வீடு

அடுத்த தடவை பஸ்ஸில் போனேன், ஆயாம்மா சொல்லிக்கொடுத்தபடி. ஒரு வீட்டுக்கு மட்டும் போனால் அது முறைப்பாடு. பன்னிரண்டு வீடுகள் வரிசையாக ஒட்டிய அந்த லயம் முழுக்கப் போனால் அது கணக்கெடுப்பு. கையில் பள்ளி வரவு விபரப் படிவம். சுகந்தியின் வீடு ஏழாம் நம்பர். ஒன்றாம் நம்பரிலிருந்து தொடங்கினேன். வீட்டுக்கொரு தேத்தண்ணி. வேண்டாம் என்று சொல்ல வாய் வராத எனக்கு, அதை வாங்கிக் குடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஐந்து வீடு முடித்து ஆறாம் நம்பருக்குப் போனபோது வயிறு குளமாகியிருந்தது. எவருக்கும் சந்தேகமில்லை என்று உள்ளுக்குள் பெருமை வேறு. “உங்கள் வீட்டில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்?” என்று அந்த வீட்டு அக்காவிடம் படிவத்தைப் பார்த்து வாசித்தேன். அவர் கோப்பையை என் கையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: “எங்க வீட்டுல பிரச்சினை ஒண்ணும் இல்லைங்க மிஸ். வெரசாக் குடிச்சிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போங்க. அந்தாள நான் வெளிய கூப்பிட்டுக்கிறேன்.”

கேட்காமல் இருந்தது

சொன்னபடியே செய்தார். தண்ணீர் பிடிக்கும் பீலியில் பைப் அடைத்துக்கொண்டது, கொஞ்சம் வந்து பாருங்கண்ணே என்று தகப்பனைக் கூட்டிப்போனார். உள்ளே சுகந்தியும் நானும் மட்டும். பயிற்சியில் படித்த கேள்விகளில் ஒன்றுகூட எனக்குக் கேட்க வரவில்லை. அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கொப்பியில் வீடு கீறிக்கொண்டிருந்தாள். நான் பென்சிலைச் சீவிக் கொடுத்தேன். கூரை கீறினாள். ஜன்னல் கீறினாள். மறுபடியும் சீவிக் கொடுத்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க ஏன் மிஸ் ஒண்ணுமே கேக்க மாட்டேங்கிறீங்க? நானே சொல்லவா?”

குரல்

சொன்னாள். அன்றே ஆயாம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு லயத்தைவிட்டு வெளியே வந்தாள். பொலிஸில் முறைப்பாடு எழுதி, ஆஸ்பத்திரியில் வைத்தியரிடமும் காட்டினோம். ஆனால் தோட்டத்துச் சனத்தை இத்தனை நாள் வாயடைக்கவைத்த பயம் இன்னும் தீரவில்லை. பொறுப்பெடுக்க ஆள் இல்லாவிட்டால் பிள்ளையை எங்கோ ஒரு சிறுவர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கலஹாவிலிருக்கும் சித்தியிடம் அவளை ஒப்படைக்கலாம் என்று நான் அறிக்கை எழுதியிருந்தேன். கண்டி நீதிமன்றத்தில் அதை நின்று சொல்லவும் வேண்டும். வாசலில் நின்று அதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்த ஜீப் ஓட்டுநர், நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், “பயப்பட வாணாம் தங்கச்சி. நீங்க மெல்லமாப் பேசினா மத்தவங்க சத்தம் போடாமக் கேப்பாங்க, அவ்வளவுதான்” என்றார்.

ஆறாவது ஆள்

நான் பேசியது நீதவானுக்குக் கேட்டதோ என்னவோ, அறிக்கையை முழுக்க வாசித்தார். பிறகு மொழிபெயர்ப்பாளர் மூலம் சித்தியிடம் கேட்டார்: உங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் ஏற்கெனவே எத்தனை பேர்? இடமில்லை என்று ஒரு வார்த்தை வந்தால் சுகந்தி இல்லத்துக்குத்தான். அன்றைக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல், இருந்த ஒரே நல்ல சேலையில் வந்திருந்த சித்தி நிமிர்ந்து நின்றார். “அஞ்சு பேருங்கய்யா. இவ ஆறாவது. எங்க வீட்டுக்காரரு இனி வாசப்பக்கம் படுப்பாரு. நேத்தே சொல்லிட்டேன், அவரும் பாயை எடுத்துப் போட்டுட்டாரு.”

ஐந்து நிமிடம்

நீதவான் சித்தியிடமே ஒப்படைத்த சுகந்தியை, மாதம் ஒரு தடவை கலஹாவுக்குப் போய்ப் பார்த்து நான் அறிக்கை எழுத வேண்டும். தகப்பன் குடியை விடப் பேராதனை ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்குப் போகிறார், வழக்கும் நடக்கிறது. திருந்திவிட்டார் என்று எழுத எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. தாய் வருகிற மாதம் வருகிறாள். கடைசியாகப் போனபோது சுகந்தி வீட்டில் இல்லை. மைதானத்தில், கம்பால் பந்தை அடித்துவிட்டு ஓடும் எல்லே விளையாடிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டார்கள். புழுதியும் வியர்வையுமாக ஓடிவந்தாள். ஐந்து நிமிட வேலைதான் என்று நான் படிவத்தை விரித்ததும் முகம் சுருங்கியது. எனக்குப் பயமாகப் போய்விட்டது. என்னம்மா என்றேன். “சீக்கிரம் எழுதுங்க மிஸ், அடுத்தது நான்தான் அடிக்கணும்! நீங்க இனி மாசாமாசம் வராட்டியும் பரவாயில்ல.”

போகிற வீட்டில் ‘இனி வராதே’ என்று சொல்லக் கேட்டு, பஸ்ஸில் வழிநெடுகச் சிரித்துக்கொண்டே திரும்புகிற உத்தியோகம் வேறு எதுவும் இருந்தால் சொல்லுங்கள், அதற்கும் விண்ணப்பித்துப் பார்க்கிறேன்.