சுற்று எண்ணத் தெரிந்தவள்

அத்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. மின்சாரத்தில் கை வைக்கும்போதெல்லாம் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் செருகிக்கொள்வாள். பல்பு மாற்றினாலும் சரி, இஸ்திரிப் பெட்டியைச் சரிபார்த்தாலும் சரி. அண்ணன் மகள் இதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறாள். முதுகுவலி என்றே வெகுநாள் நினைத்திருந்தாள். ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும் மின்சாரம் வழியில் நெஞ்சையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும் என்பது பிறகுதான் புரிந்தது. வீட்டின் முதல் பட்டதாரி அவள், படித்ததும் மின்னணுவியல். நான்கு வருடத்தில் அவளுக்கு இதை யாரும் சொல்லவில்லை. இத்தனைக்கும் அத்தைக்கு இடது கைதான் பழக்கம். வேலை தெரிந்த கையையே கட்டிப்போட்டுவிட்டு வேலை செய்கிறவள் அவள்.

இருபத்தாறு வருடம் ஒரு தொழிற்சாலையில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றினாள். அந்தப் பிரிவை மூடியபோது ஃபோர்மேன் எல்லோருக்கும் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அத்தையின் தாளில் இருந்தது ஒரே வரி: ‘சுற்று எண்ணுவதைத் தவிர வேறு வேலைக்குப் பொருந்தாதவர்.’ மூன்று கம்பெனிகளில் அந்தத் தாளைப் படித்தார்கள். மூன்று இடத்திலும் மடித்துக் கையில் கொடுத்தார்கள். வேறு யாராவது என்றால் கிழித்துப் போட்டிருப்பார்கள். அத்தை அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினாள். பிறகு ஒரு பை கம்பெனியில் ஜிப் தைக்கப் போனாள்.

பிரிவு மூடிய அன்று தொழிற்சாலையிலிருந்து அவள் கொண்டுவந்தது தாள் மட்டும் இல்லை. ஓய்வறையில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த கண்ணாடிக் குழல் வால்வுகள் வைத்த பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்று குப்பைக் குவியலில் கிடந்தது. இடது பக்கம் ஊமை; அந்தப் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருந்தது. காவலாளியிடம் கேட்டு, சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அது அங்கேயே கிடந்தது.

இந்த வருடம் பக்கத்துத் தெருவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பட்டறை திறந்தார்கள். சோதித்துப் பார்க்கும் மேசைக்கு ஆள் தேவை. அத்தை தாளைச் சட்டத்தோடு எடுத்துக்கொண்டு போனாள். அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி எழுதி வாங்கிட்டு வாங்க, பார்க்கலாம் என்றார் முதலாளி.

ஃபோர்மேன் இப்போது உதிரிப் பொருள் கடை வைத்திருக்கிறார். கண்ணால் கண்டதைத்தான் எழுதினேன், மாற்ற முடியாது என்று அவர் கையை விரித்தார். அத்தை வீட்டுக்கு வந்து, குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஆம்ப்ளிஃபையரை இழுத்தாள்.

“குடலை உருவிட்டு உள்ளங்கை அளவு போர்டு ஒண்ணு வெச்சிடலாம் அத்தை. ஒரு நாள் வேலை,” என்றாள் அண்ணன் மகள்.

“போர்டு பாடுறதுக்கு நான் எதுக்குடி, பட்டதாரி?”

எரிந்த கம்பியை அடுக்கு அடுக்காகப் பிரித்து எண்ணினாள். அதே எண்ணிக்கையில் புதுக் கம்பியைக் கைராட்டினத்தில் சுற்ற உட்கார்ந்தாள். நூறு சுற்றுக்கு ஒரு சுண்ணக்கட்டிக் கோடு. அந்த நாட்களில் வீட்டுக்குள் யாரும் எண்ணை உச்சரிக்கக் கூடாது. அண்ணன் யாருக்காவது போன் நம்பர் சொல்ல வேண்டுமென்றால் தெருவுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மூன்றாம் நாள், மெல்லிய கம்பி முடிந்து அதன்மேல் தடித்த கம்பி சுற்ற வேண்டிய நேரத்தில், இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. அத்தை மேசைக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்து வலது கையால் சுற்றி முடித்தாள்.

காய்ந்துபோன கண்டன்சர்களை மாற்றியாயிற்று. ஒரு வால்வு மட்டும் உச்சியில் பால்போல் வெளுத்திருந்தது, காற்று புகுந்துவிட்டது. அதே ரக வால்வு ஃபோர்மேன் கடையில்தான் இருந்தது. அத்தை கூச்சப்படாமல் போய்க் கேட்டாள்.

ஃபோர்மேன் சிரித்தார். “எடுத்துட்டுப் போம்மா. ஓடாது. ஓடலேன்னு தெரிஞ்சதும் பத்திரமா திருப்பிக் கொண்டா.”

“ஓடினா?”

“ஓடினாலும் திருப்பித் தரணும். இரவல்தானே.”

“தர்றேன். சுவத்துல மாட்டியிருக்கிற வரியை உங்க கையால அடிச்சுட்டு வாங்கிக்கங்க, சார்.”

வர்ற ஞாயிறு வேடிக்கை பார்க்க வருகிறேன் என்றார். சொன்னபடி வந்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் மகள் பிளக்கைச் செருகினாள். நான்கு வால்வும் மெல்லச் சிவந்தன. அடுத்த கணம் இடது ஸ்பீக்கர் வீறிட்டது. பாட்டு இல்லை, இரைச்சலும் இல்லை. கழுத்தை நெரிப்பதுபோல் ஒரு ஊளை. அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

ஃபோர்மேன் அத்தையைப் பார்க்கவில்லை. படித்த பெண் என்று அண்ணன் மகளைப் பார்த்தே கேட்டார்: “நான் எழுதினது சரிதானே?”

ஒரு கணம், ஒரே ஒரு கணம், சரிதான் என்று அவளுக்கும் தோன்றியது. இன்றுவரை அவளை உறுத்துவது அந்த ஒரு கணம்தான்.

அத்தை காற்றில் எதையோ சுற்றிக்கொண்டிருந்தாள். முதலில் இடது கையால். பிறகு வலது கையால். நிறுத்தினாள்.

“மேல் கம்பியை நான் எந்தப் பக்கம் உக்காந்து சுத்தினேன்?”

“மேசைக்கு அந்தப் பக்கம்,” என்ற அண்ணன் மகள் அப்படியே நின்றாள். கை மாறியது, பக்கம் மாறியது, சுற்றும் திசையும் மாறிவிட்டது. ஆம்ப்ளிஃபையரில், வெளியே போகும் சத்தத்தில் கொஞ்சம் திரும்ப உள்ளே வந்து மீதியை அடக்கி வைக்க வேண்டும். திசை மாறினால் அது அடக்காது, விசிறிவிடும். பரீட்சையில் பத்து மதிப்பெண் கேள்வி. பத்துக்குப் பத்து வாங்கியிருந்தாள்.

“கெட்டுப் போகல. தலைகீழா நிக்குது, அவ்வளவுதான்,” என்றாள் அத்தை. கண்டன்சரில் தேங்கிய மின்சாரம் இறங்கும்வரை பொறுத்தாள். இறங்கிவிட்டதா என்று பார்த்தாள். பிறகும் நம்பாமல் இடது கையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டே கம்பிகளைக் கழற்றி இடம் மாற்றி ஈயம் வைத்தாள்.

இந்த முறை ஊளை இல்லை. இசைத்தட்டில் ஒரு பெண் மூச்சை இழுத்துப் பாடத் தொடங்கினாள். குரல் வலது பெட்டியிலும் இல்லை, இடது பெட்டியிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, வெறும் சுவரில் நின்றது. அந்தச் சுவரில்தான் தாள் தொங்கியது.

அத்தை சட்டத்தை இறக்கி, கண்ணாடியைக் கழற்றி, தாளை அவர் மடியில் வைத்தாள். ஃபோர்மேனின் சட்டைப் பையில் பேனா இருந்தது. கை அதுவரை போய்த் திரும்பியது.

“கம்பெனி முத்திரை வெச்ச தாளும்மா. அடிக்க முடியாது.”

“அப்போ வால்வையும் கழட்ட முடியாது, சார்.”

மறுநாள் அத்தை தாளை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். முதலாளி ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். இடது பக்கத்தில் காதை வைத்து இன்னொரு பாட்டும் கேட்டார். சோதிக்கும் மேசை எங்கே இருக்கிறது என்று காட்டினார்.

ஃபோர்மேன் வால்வைக் கேட்டு இன்னமும் ஆள் மேல் ஆள் அனுப்புகிறார். வேலைதான் கிடைத்துவிட்டதே, கொடுத்துவிடலாமே அத்தை, இரவல் இரவல்தானே என்று அண்ணன் மகளும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“கடன்தான். நான் இல்லேன்னா சொன்னேன்?” என்றாள் அத்தை. “பேனாவோட வரச் சொல்லு.”

தாள் மறுபடி சுவருக்குப் போய்விட்டது. அதற்குக் கீழே, ஆம்ப்ளிஃபையரில் இடது பக்கத்து இரண்டாவது வால்வாக, அவருடையது எரிந்துகொண்டிருக்கிறது.