பிரிக்காமல் திரும்பிய சோற்றுப் பார்சல்

என்னைக் கைவிடாத இறைவனுக்கே, என் ரப்புக்கே புகழ். சகோதரிகளே, போன வருஷ நோன்பு பத்தாம் நாள், கல்முனையில் நான் படிப்பிக்கும் தாதி உதவியாளர் வகுப்பு மூடப்படும் நிலைக்கு வந்தது. பதினாறு பிள்ளைகளில் ஐந்து பேர் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள். பதினைந்துக்குக் குறைந்தால் வகுப்பே இல்லை என்றார் பணிப்பாளர். பெருநாள் வரைக்கும்தான் தவணை. நான் உடைந்துபோனேன். "யா அல்லாஹ், புதுப் பிள்ளைகளை அனுப்பு" என்று ஐவேளையும் அழுதேன்.

அதோடு விட்டேனா? ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சம்மாந்துறை வரைக்கும் கூவிக்கொண்டு போனேன். ஒரு பிள்ளைகூட வரவில்லை.

ஒரு நாள் நண்பகல் லுஹர் தொழுதுவிட்டுக் கை ஏந்தினேன். புதுப் பிள்ளைகளைக் கேட்க வாயெடுத்தேன். ஏற்கெனவே தந்த ஐவரும் எங்கே என்று அல்லாஹ் என்னைக் கேட்பது மாதிரி இருந்தது. ஐவருமே சொறிக்கல்முனை ஊரைச் சேர்ந்த, முஸ்லிம் அல்லாத தமிழ்ப் பிள்ளைகள். அவர்கள் நின்றதற்குத் தூரம்தான் காரணம் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அன்றைக்கே, அந்த ஐவரில் ஒருத்தியான, வகுப்பில் ஒருநாள் மயங்கி விழுந்த தர்ஷினியின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா சொன்னார்:

"நீங்க விடிய முந்தி ஸஹருக்குச் சாப்பிட்டுப்போட்டு நோன்பு பிடிக்கிறீங்க, டீச்சர். என்ட புள்ள வெறுந் தேத்தண்ணியோட வாறவள். நோன்பெண்டு கென்டீனும் பூட்டு. நோன்பு ஆக்களுக்கு முன்னால எப்பிடிச் சாப்பிடுற எண்டு, கட்டிக் குடுத்த பார்சலப் பிரிக்காமத் திருப்பிக் கொண்டு வருவாள். நான் கோழிக்குக் கொட்டுவன்."

வெட்கத்தில் முகம் எரிந்தது. பசியின் வலியை நோன்பு கற்றுத் தருகிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால்தான் பெருமையாகப் பேசியிருக்கிறேன்!

மறுநாள் பிள்ளைகள் சாப்பிட வகுப்பின் சாமான் அறையைக் கூட்டி மேசை போட்டேன். நோன்போடு நானே சோறும் பருப்பும் ஆக்கினேன். நோன்பில் நான் ருசி பார்க்க முடியாதே; திரும்ப அழைத்து வந்த தர்ஷினிதான் உப்புப் பார்த்தாள். ஒலிபெருக்கிக்குக் கொட்டிய காசில் நோன்பு முழுக்கச் சோறு போட்டிருக்கலாம் என்று பணிப்பாளரிடம் சொன்னேன். தலையைச் சொறிந்தார். இப்போது விளம்பரச் செலவில் பாதியை, இருக்கிற பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் பஸ்சுக்கும் ஒதுக்குகிறார்.

நாலு பேர் திரும்பி வந்தார்கள். ஒருத்தி ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். அது இன்னும் நெஞ்சில் குத்துகிறது. ஆனாலும் எண்ணிப் பாருங்கள், சரியாகப் பதினைந்து. அல்ஹம்துலில்லாஹ்!

தர்ஷினி இப்போது ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். இந்த வருஷம் ஒரு நாள் நோன்பு திறக்கும் நேரம் பார்த்து, சோற்றுப் பார்சலோடு வந்து நின்றாள்.

"நான்தான் ஆக்கின, டீச்சர். உப்புப் பாத்துத்தான் கொண்டு வந்த."

நம்பிக் கேளுங்கள், சகோதரிகளே. அவன் தருவான். ஏற்கெனவே தந்தது பசியோடு இருக்கிறதா என்று மட்டும் நாம் பார்த்துக்கொள்வோம்.