சர்வதேச வெண்கலம்

போன வாரம் ஊட்டி பெர்ன்ஹில் பஸ் நிறுத்தத்தில் ஒரு ஃபிளெக்ஸ் போர்டு பார்த்தேன். வெள்ளைச் சீருடை, கறுப்புப் பெல்ட், மார்புக்குக் குறுக்கே கட்டிய கைகள். ‘சர்வதேச சாம்பியன்களை உருவாக்கிய மாஸ்டர்’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒருவர் முழங்காலுக்கு நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அந்த மாஸ்டரிடம் பயிற்சி முடிந்து நாங்கள் காலில் தேய்த்துக்கொண்ட அதே வாசனை. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்துவிட்டேன்.

அந்த மாஸ்டர் உருவாக்கிய சர்வதேச வீரர்களில் நானும் ஒருவன். சிரிக்காதீர்கள், சான்றிதழ் இருக்கிறது.

அப்போது தேவர்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். தொண்ணூற்றிரண்டு கிலோ. அத்தனையும் கூடலூர் பரோட்டா. வாரம் இரண்டு நாள் டேக்வாண்டோ சொல்லிக்கொடுக்க வந்த மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, “ஹெவிவெயிட்டுக்கு ஆள் கிடைச்சாச்சு” என்றார். அது காலால் ஆடுகிற ஆட்டம். என் காலோ இடுப்புக்கு மேலே எழும்பியதே இல்லை.

உண்மையான ஆட்டக்காரன் ராஜேந்திரன். எங்கள் ஃபாக்டரியில் தேயிலை மூட்டை ஏற்றுகிறவன், என்னைவிடக் கனமானவன். அவன் சுழன்று உதைத்தால் ஈரப் போர்வையை உதறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலைக்கு முயன்றுகொண்டிருந்தான். வயது வரம்பு முடிய அந்த ஒரு வருஷம்தான் பாக்கி. “தங்கம் அடிச்சுட்டாப் போதுமுங்க கிளார்க்கு, இந்த மூட்டைய எறக்கி வெச்சுருவேன்” என்பான். மாஸ்டர் தரும் காகிதம் எங்காவது செல்லுபடியாகுமா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அத்தனை புத்திசாலிகள்.

சர்வதேசப் போட்டி நடந்தது ஊட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தைய நாள் மணமக்களின் பெயர் பாதி கிழிந்து மேடையில் தொங்கியது. அதற்குக் கீழே உலக நாடுகளின் காகிதக் கொடிகள். ஆண்கள் ஹெவிவெயிட்டில் மொத்தம் நான்கே பேர்: நான், ராஜேந்திரன், மாஸ்டரின் மைத்துனர், ‘நேபாள அணி’. அந்த அணி ஊட்டி ஹோட்டல் ஒன்றில் சமையல் செய்துகொண்டிருந்த ஒரு நல்ல மனிதர். ராஜேந்திரனின் முதல் உதை மார்புக் கவசத்தில் விழுந்ததுமே குனிந்து வணங்கி, “போதும் அண்ணா, சாயந்திரம் கிச்சன்ல வேலை இருக்கு” என்று போய்விட்டார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் மானத்தோடு வெளியேறியவர் அவர் ஒருவர்தான்.

நான் மைத்துனரிடம் ஒரு நிமிஷத்துக்குள் தோற்றேன். தோற்றவனுக்கும் வெண்கலம் உண்டு. மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இறுதிப் போட்டிக்கு மூலை நடுவராக உட்காரச் சொன்னார். கையில் ஒரு தாளும் பேனாவும்.

“உங்க சர்டிஃபிகேட்ல இன்னும் கையெழுத்துப் போடலீங்க. பாத்து எழுதுங்க” என்றார், தோளில் தட்டிக்கொண்டே.

மூன்று நடுவர்களில் இரண்டு பேர் எழுதினால்தான் புள்ளி. கடைசிச் சுற்றில் மைத்துனர் இரண்டு புள்ளி முன்னால் இருந்தார். ராஜேந்திரன் சுழன்றான். அவன் குதிகால் மைத்துனரின் தலைக்கவசத்தில் பட்ட சத்தம் மண்டபத்துச் சமையல்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும். தலையில் உதைத்தால் மூன்று புள்ளி. எதிர் மூலையில் இருந்தவர் எழுதினார். இன்னொருவர் மாஸ்டரின் மாணவர், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சம் நான்.

நான் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டேன்.

மைத்துனரின் கையைத் தூக்கிக் காட்டினார்கள். ராஜேந்திரன் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு என் நாற்காலிக்கு வந்தான். 

“ஏனுங்க, காலு படலீங்களா?”

“சரியாத் தெரியல ராஜேந்திரா.”

“தெரிஞ்சுதுங்க. காலு பட்டதும் உங்க கண்ணு மூடுச்சு, பாத்தேன்.”

வெள்ளிப் பதக்கத்தை வாங்காமலே இறங்கிப் போனான். நான் என் வெண்கலத்தோடு மேடையில் நின்று, மைத்துனருக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிப் போட்டோவும் எடுத்துக்கொண்டேன். அந்தப் போட்டோவை என் மாமனார் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். மாஸ்டரைத் திட்ட எனக்கு ஆயிரம் வார்த்தை உண்டு. கூடத்தில் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு இன்னும் ஒரு வார்த்தை கண்டுபிடிக்கவில்லை.

ராஜேந்திரன் அடுத்த மாதமே குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பனியன் கம்பெனியிலும் மூட்டைதான் தூக்குகிறான் என்று யாரோ சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை. பயம்.

அந்த போர்டைப் பார்த்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை தேவர்சோலைக்குப் போனேன். பழைய ஆட்கள் யாரிடமாவது அவன் நம்பர் கிடைக்கும் என்ற நினைப்பு. ஃபாக்டரி இருந்த இடத்தில் தகரம்கூட மிச்சமில்லை. எதிரே தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, சுற்றுலாக்காரர்களுக்கு அறைகளாக்கியிருந்தார்கள். அவன் வீட்டு வாசலில் இப்போது ஒரு மூங்கில் ஊஞ்சல். கேட்டில் நின்ற பையன் வெளியூர்க்காரன். ராஜேந்திரன் என்று ஒருவர் இங்கே இருந்தாரே, தெரியுமா என்று கேட்டேன்.

அவன் மரியாதையாக ஒரு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அந்தப் பேர்ல புக்கிங் இல்லீங்களே சார்” என்றான்.