யூனியா போட்ட முதல் விதை

யூனியா அபூயா சக்வாவிலிருந்து உயோமாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் அப்பா மிஷன் சபையில் மணியடித்தவர். அம்மாவோடு பிறந்தவர்கள் ஏழு பேர். ஐந்து பேர் ஞானஸ்நானம் வாங்கினார்கள், மீதி இரண்டு மாமன்மார் சாகும்வரை வாங்கவில்லை. அந்த இரண்டு மாமன்களின் வாய்தான் யூனியாவுக்கு அப்படியே வந்திருக்கிறது என்று சக்வாவில் சொல்லுவார்கள். உயோமாவில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. சக்வாக்காரி, இல்லாவிட்டால் எல்கானா அம்மா.

அவள் புருஷன் செபுலோன் ஒக்வேனோ ஏரியில் வலை போட்டவன். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் இளைக்க ஆரம்பித்தான். தோளெலும்பு சட்டையைக் குத்திக்கொண்டு தெரிந்தபோது ஊர் அதைச் சீரா என்றது. முறை தப்பிய வீட்டில் ஆளை உருக்கிக் கொல்கிற சாபம் அது. எந்த முறை தப்பியது என்று தேடி, அண்ணன் நாசோனுக்கு முன்னால் தம்பி தன் வேலிவாசலை மாற்றி வைத்துவிட்டான் என்று கண்டுபிடித்தார்கள். மிஷன் மருந்தகத்து நர்சம்மா கடல் தாண்டி வந்தவள். ஊருக்கு அவள் அக்கரை மகள். அவள் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஆணும் பெண்ணும் சேர்வதால் ஒட்டுகிற நோய் என்று வேறு பேர் சொன்னாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்தே சொன்னாள்.

செபுலோனைப் புதைத்த மறுவாரமே யூனியா தன் பழைய வேலைக்குத் திரும்பினாள். மிஷனுக்கு வேத ஊழியக்காரி அவள். இடுப்பில் ஒரு பேசின், அதில் சோப்பு, பழந்துணி, வேதாகமம். படுக்கையில் கிடக்கிறவர்களைக் கழுவி, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு வருவாள். சொந்தத் தாய் எட்டிப் பார்க்காத பிள்ளைகளையும் அவள் மடியில் கிடத்திக் கழுவினாள்.

அடுத்த மார்ச்சில் பெருமழை இறங்கியது. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. அந்த மண்ணில் தாய் முதல் விதை போடாமல் மகன் வீட்டில் விதைக்கக் கூடாது. புருஷன் செத்தவளை அவன் வம்சத்து ஆண் ஒருத்தன் சேர்த்துக்கொண்டு தீட்டுக் கழிக்காமல் அவளும் விதைக்கக் கூடாது. யூனியா ஆளைச் சேர்க்க மாட்டேன் என்று சொல்லி ஐந்து மாதம் ஆகியிருந்தது. மகன் எல்கானா, அவன் பெண்டாட்டி பெரேஸ், ஒரு வயதுக் கைப்பிள்ளை தொர்கா, அவர்கள் வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டிய சோளம் அத்தனையும் கொட்டகையில் விதையாகவே கிடந்தது. இன்னும் பத்து நாள் போனால் விதைத்தும் பிரயோசனமில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் மூன்று பேர் அவள் முற்றத்துக்கு வந்தார்கள். முதலில் மைத்துனர் நாசோன் ஒலியேலோ. அவருக்குப் பின்னால் சபைப் போதகர் எரேமியா. கடைசியில் படகுத்துறையிலிருந்து பிடித்து வந்த ஒபுங்கா. கைம்பெண்களுக்குத் தீட்டுக் கழிப்பதே ஒபுங்காவுக்குத் தொழில். வந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து, கோழி அடிப்பார்களா என்று அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டான்.

"சக்வாக்காரி, மழை வந்துடுச்சு. இன்னிக்கு இதை முடிச்சுடுவோம்," என்றார் நாசோன்.

"எதை முடிக்கணும், பெரியவரே?"

"ஒனக்குத் தெரியாதா? ஆளு வந்திருக்கான்."

"வம்சத்து ஆம்பளைன்னுதானே முறை? ஒடம்பொறந்தவரு நீங்க இருக்கீங்க, துறையில போயி ஏன் ஆள் பிடிச்சீங்க?"

நாசோன் தொண்டையைச் செருமினார். "எனக்கு ரெண்டு வீடு இருக்கு."

"ரெண்டு வீட்டோட இது மூணாவது. வாங்க. பாய் விரிக்கவா? செபுலோனைக் கொன்னது சீராதான்னு ஊர் பூரா சொன்னீங்க. சீரா ஒட்டுவாரொட்டி இல்லையே. என்னத்துக்குப் பயம்?"

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். நாசோன் திரும்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

"இந்த ஆளு போன மூணு வீட்டுக்கும் பின்னாலேயே நான் பேசினைத் தூக்கிட்டுப் போனவ," என்றாள் யூனியா. "மூணு பேரையும் கழுவி மூடியாச்சு. ஒபுங்கா, ஒன் ஒதட்டுப் புண்ணு ஆறுச்சா? திங்கக்கிழமை மருந்தகத்துக்கு வா, ஒன்னையும் கழுவுறேன். என் பாய்க்கு மட்டும் வராதே."

ஒபுங்கா வாயைக் கையால் மறைத்துக்கொண்டான். அதற்கப்புறம் அடுப்படிப் பக்கம் பார்க்கவில்லை.

போதகர் எரேமியா நல்ல மனிதர்தான். யாரோடும் பகை வேண்டாம் என்று நினைக்கிற நல்ல மனிதர். அவர் மெதுவாக ஆரம்பித்தார். "எல்கானா அம்மா, பாவம் செய்யச் சொல்லி நான் வரல்லை. நாசோனோட கோட்டு ஒண்ணு ஒங்க வீட்டுக்குள்ள ஒரு ராத்திரி தொங்கட்டும். ஆளு வேண்டாம், வெறும் கோட்டு. விடிஞ்சதும் எடுத்துக்குவாரு. ஊருக்கு முறை ஆச்சு, ஒங்களுக்கு விசுவாசம் கெடல்லை. நாலு சபையில இப்படித்தான் நடக்குது."

யூனியா நாசோன் போட்டிருந்த கோட்டைப் பார்த்தாள். வெறும் கோட்டு. மகன் விதைப்பான், பேத்தி சாப்பிடுவாள். யாருக்கு என்ன நஷ்டம்? அவள் போய்க் கழுவுகிற வீடுகளில் இன்னும் நாலு இளம் கைம்பெண்கள் இருந்தார்கள். அவள் என்ன செய்கிறாள் என்றுதான் அந்த நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, எனக்குக் கோட்டு வரும். அந்தப் புள்ளைங்களுக்குக் கோட்டுக்குள்ள ஆளும் சேர்ந்து வருவான். சக்வாக்காரியே சம்மதிச்சுட்டா, ஒனக்கென்னடின்னு கேப்பாங்க. வெறும் கோட்டுன்னா ஒங்க வீட்டு ஆணியில மாட்டிக்குங்க. என் சுவத்துல ஆணி கிடையாது."

சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போனாள். மண்வெட்டியும் விதைச் சுரைக்குடுக்கையுமாக வெளியே வந்தாள். மூன்று ஆண்களுக்கும் நடுவே நடந்து கொல்லைக்குப் போய், வாய்விட்டு ஜெபம் செய்து, குழி வெட்டி முதல் விதையைப் போட்டாள். நாசோன் வேலியோரம் நின்று கத்தினார்: "ஒன் பேத்தி தலையில மண்ணை வாரிப் போடுறே!"

"சோளம் போடுறேன், பெரியவரே. கண்ணு தெரியல்லைன்னா கிட்ட வந்து பாருங்க."

எல்கானா அன்றைக்கு விதைக்கவில்லை. மறுநாள் அவன் துறைக்குப் போனதும் பெரேஸ் தானாகவே மாமியார் வரிசைக்கு அடுத்த வரியில் விதைக்கக் குனிந்தாள். பாதிக் கொல்லை முடித்தாள்.

ஒன்பதாம் நாள் முளை விரற்கடை உயரம் நின்றது. தொர்காவுக்குக் காய்ச்சல் வந்தது. பிள்ளை கண் செருகிக் கிடந்தாள். ஊருக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நாசோன் எல்கானாவைக் கூப்பிட்டுப் பேசினார். எல்கானா மண்வெட்டியோடு கொல்லைக்கு வந்தான், முளைகளைக் கொத்தி எறிய.

யூனியா பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். கை சுட்டது. ஒருவேளை சீராதானோ? சக்வாவிலும் உயோமாவிலும் நாற்பது வருஷம் கேட்டு வளர்ந்த வார்த்தை அது. ஒரே ஜெபத்தில் போய்விடுமா? பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பெரேஸ், புள்ளையை முதுகில கட்டு. அக்கரை மகள்கிட்ட ஓடு. வழியில யாரு கூப்பிட்டாலும் நிக்காதே."

"நீங்க வரல்லையா, அத்தே?"

"நான் நகர்ந்தா இங்க ஒரு முளை மிஞ்சாது."

பெரேஸ் ஓடினாள். யூனியா வரிசைகளுக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"எந்திரிம்மா," என்றான் எல்கானா. அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "எம் புள்ளை செத்துடும். பிடுங்கிட்டு முறையைச் செஞ்சுடுவோம்."

"கொத்து. முதல்ல என் காலைக் கொத்து, அப்புறம் சோளத்தைக் கொத்து. ஒன் அப்பனுக்கு எல்லா முறையும் செஞ்சோமேடா. கெடா வெட்டினோம், வேலியை மாத்தினோம், வேர் காய்ச்சிக் குடுத்தோம். பொழைச்சானா?"

எல்கானா கொத்தவில்லை. மண்வெட்டியைக் கீழேயும் வைக்கவில்லை. வெயில் ஏறியது. அம்மா உட்கார்ந்தபடி, மகன் நின்றபடி. வேலியோரத்தில் கூட்டம் சேர்ந்தது. நாசோன் தனக்கு ஒரு முக்காலியே கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தரவா என்று கேட்டவர்களை யூனியா வேண்டாம் என்று அனுப்பினாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபமா, திட்டா என்று யாருக்கும் தெரியாது.

நிழல் கிழக்கே சாய்ந்த பிறகு பெரேஸ் வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். முதுகில் பிள்ளை தலையைத் தூக்கி, கூட்டத்தைப் பார்த்து வீறிட்டு அழுதது. அன்று முழுக்க அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த பிள்ளை.

"மலேரியா, அத்தே," என்றாள் பெரேஸ். "ஊசி போட்டாங்க. நாளைக்கும் வரச் சொன்னாங்க. இந்த வாரம் மட்டும் இப்படி முப்பது புள்ளைங்க வந்துச்சாம். முறை தப்பாத வீட்டுப் புள்ளைங்களும்தான். பெரியவரோட ரெண்டாவது வீட்டுப் பேரன் என் மடிக்குப் பக்கத்திலேயே கிடந்தான்."

கூட்டம் மொத்தமும் நாசோனைத் திரும்பிப் பார்த்தது. அவர் முக்காலியை விட்டு எழுந்தார். "இன்னும் அறுப்பு இருக்கு. பாத்துக்கிட்டே இருப்பேன்."

"பாருங்க," என்றாள் யூனியா. மரத்துப்போன காலைத் தடவிக்கொண்டே எழ முயன்றாள், முடியவில்லை. "இந்த அறுப்பைப் பாருங்க. அடுத்த விதைப்பையும் பாருங்க. அந்த நாலு புள்ளைங்களும் என்கூடதான் நிப்பாங்க, ஆளுக்கொரு மண்வெட்டியோட. முக்காலியை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க, தேவைப்படும்."

எல்கானா அம்மாவைக் கைபிடித்துத் தூக்கி நிறுத்தினான். பெரேஸ் விட்டிருந்த மீதிப் பாதிக் கொல்லைக்குப் போய், எல்லாரும் பார்க்கக் குழி வெட்டத் தொடங்கினான்.

"ஆழம் பத்தாது," என்று யூனியா அங்கிருந்தே கத்தினாள்.